வாசல் சுவர் காயும் வரை

கோரைமேடு,
முத்துப்பேட்டை வழி.
2-7-1980

தம்பி மருதையனுக்கு அக்காள் பொன்னுத்தாய் எழுதுவது.

முதலில் பிள்ளைகள் சேதி. பேத்தி செந்தாமரை டீச்சர் டிரெயினிங் முடித்து, வலங்கைமானுக்குப் பக்கத்தில் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் வேலையில் சேர்ந்துவிட்டாள். நம் தெருவில் சம்பளக் கையெழுத்துப் போடுகிற முதல் பொம்பளை அவள்தான். பேரன் இளவழகன் பன்னிரண்டாம் வகுப்புப் பாஸ். இந்த வருஷம்தான் தமிழ்நாட்டிலேயே முதல்முதலாகப் பன்னிரண்டாவது பரீட்சை வைத்தார்களாம். அப்படியென்றால் முதல் ஆட்களில் நம் பிள்ளையும் ஒருவன். கணக்கில் இருநூறுக்கு நூற்று எழுபத்தெட்டு. மீதி இருபத்திரண்டு எங்கே போச்சு என்று கேட்டேன், முறைத்துக்கொண்டு போய்விட்டான். கடைக்குட்டி பூங்கொடி திருவாரூரில் ஓட்டப் பந்தயத்தில் ஓடிக் கப்பு வாங்கி வந்தாள். செருப்பில்லாமல் ஓடினாளாம். வரப்பில் ஓடிய கால்தானே. இவர்கள் அப்பன், என் மகன் வைரக்கண்ணு, கரண்டு ஆபீசில் லைன்மேனாக நிரந்தரம் ஆகிவிட்டான்.

ஏழு வருஷம் கழித்து அக்காளுக்கு என்ன திடீரென்று என்று நினைப்பாய். தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டில் உன்னோடு வேலை பார்க்கிற ஆளைக் கண்டு வைரக்கண்ணு விலாசம் வாங்கி வந்தான். நான் கேட்டு வாங்கச் சொல்லவில்லை. அவனாக வாங்கி வந்தான்.

அப்பா குடிசை இருந்த மனையில் வீடு கட்டியிருக்கிறோம். செங்கல் சுவர், மேலே ஓடு, சுற்றிலும் சிமெண்டுப் பூச்சு. வாசல் சுவருக்கு மட்டும் பச்சை ஆயில் பெயிண்ட் அடித்தோம். அடித்த அன்று முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. இருபது நாளில் வைசூரி கண்ட உடம்பு மாதிரி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. கையால் அழுத்தினால் தோல் உரிகிறது. உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. முத்துப்பேட்டையில் இருந்து வந்த தியாகராசன் என்கிற பெயிண்டர்தான் அடித்தான். சின்ன வயசு, வேலை தெரியாதவன். நீ பெயிண்ட் வேலையில் மேஸ்திரி ஆகிவிட்டாய் என்று கேள்வி. இது என்ன கோளாறு என்று ஒரு வரி எழுதினால் போதும்.

ஆவணியில் குடிபோவதாக இருக்கிறோம். 'அத்தே, பொறந்த வீட்டுச் சீரு யாரு கொண்டாருவா?' என்று எதிர்வீட்டு ரெங்கம்மாள் கேட்டாள். அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
பொன்னுத்தாய்


தஞ்சாவூர், கரந்தை.
9-7-1980

அக்காள் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் படிப்புக் குறித்துச் சந்தோஷம்.

பெயிண்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கீழ்க்கண்டதற்குப் பதில் எழுதவும். பூச்சு முடிந்து எத்தனையாம் நாள் பெயிண்ட் அடித்தீர்கள்? பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் காட்டினீர்கள்? எந்தத் தண்ணீர்? உரிந்த இடத்தில் பெயிண்ட் பிசுபிசு என்று சோப்பு மாதிரி இருக்கிறதா, காய்ந்த சருகு மாதிரி இருக்கிறதா? வெள்ளையாகப் பூத்திருப்பதை நாக்கில் வைத்துப் பார்க்கவும்.

இன்னொன்று. யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் பையை ஒரு முழம் சதுரமாக வெட்டி, பெயிண்ட் உரிந்த இடத்தில் வைத்து, நாலு ஓரமும் ரீப்பர் கட்டையால் காற்றுப் புகாமல் அழுத்தி ஆணி அடிக்கவும். மறுநாள் எடுத்து, சுவர்ப் பக்கம் வியர்த்திருக்கிறதா என்று பார்க்கவும்.

பெயிண்டர் பேரில் குறை சொல்லும் முன் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவும்.

மருதையன்


கோரைமேடு,
15-7-1980

தம்பிக்கு,

'அடித்தீர்கள்', 'காட்டினீர்கள்'. என்னடா இது, தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி? உன்னை இடுப்பில் சுமந்து களத்துக்கும் வீட்டுக்கும் நடந்தவள் நான். மூன்றாம் வகுப்போடு ஓடிப்போனவனுக்கு ஐந்தாவது வரை படித்த அக்காளிடம் இத்தனை மரியாதை ஏன் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன்.

போகட்டும். நீ சொன்னபடி வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தேன். விரலில் எடுத்து வைத்திருக்கலாம். அவசரத்தில் சுவரிலேயே வைத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து ரெங்கம்மாள் குடத்தோடு வந்தாள்.

'என்ன அத்தே, சோத்துக்கு உப்பு இல்லியா? நம்ம வீட்டுல கேட்டா தரமாட்டமா?'

தெருவே சிரித்தது. இன்றைக்கும் என்னைக் கண்டால் உப்பு வேண்டுமா என்கிறார்கள். ஆனால் அது உப்புத்தான். கடல் உப்புக் கரிப்பு.

பெயிண்ட் உரிகிற இடத்தில் சோப்பு மாதிரிதான் வழுக்குகிறது. பிளாஸ்டிக் பை உள்பக்கம் நன்றாக வியர்த்திருந்தது, விரலால் எழுதுகிற அளவுக்குத் தண்ணீர். பெயிண்ட் அடித்து ஒன்றரை மாதம் ஆகிவிட்டதே, இன்னும் எங்கிருந்து ஈரம்?

பூச்சு முடிந்து பன்னிரண்டாம் நாள் அடித்தோம். ஏன் அவசரம் என்று நீ கேட்பாய். மே மாதம் எலெக்சன் நடந்தது உனக்குத் தெரியும். பூச்சு முடிந்த மறுநாளே ஒரு கட்சிக்காரப் பையன்கள் வந்து வலது மூலையில் கரியால் 'ரிசர்வ்' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அதற்கு மறுநாள் இன்னொரு கட்சி வந்து இடது மூலையில் எழுதியது. 'நடுவுல கதவுதானே இருக்கு, ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம் ஆத்தா' என்று பஞ்சாயத்து வேறு பேசினார்கள். நம் சுவர், நாம் செங்கல் சுமந்த சுவர், அவர்களுக்குள் பாகப்பிரிவினை! ஆயில் பெயிண்ட் அடித்துவிட்டால் அதன்மேல் எந்தச் சின்னம் வரைந்தாலும் ஈரத் துணியால் துடைத்துவிடலாம் என்று முத்துப்பேட்டைக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. அடித்தேன். ஒரு சின்னமும் ஒட்டவில்லை. இப்போது பெயிண்டே ஒட்டவில்லை.

தியாகராசனிடம் கேட்டேன். கேட்கத் தேவையில்லாமலே எனக்குத் தெரியும். 'செவுரு இன்னும் ஈரமா இருக்கும்மா, ஒரு மாசமாவது போவட்டும்' என்று அவன் சொன்னான். 'நீ அடி, சுவர் காயறதை நான் பாத்துக்கறேன்' என்று நான் சொன்னேன். அவன் பேரில் குறை இல்லை. உனக்கு முதலில் எழுதும்போது இந்தப் பேச்சு மறந்துபோனது என்று வைத்துக்கொள்.

ஏழு நாள் தண்ணீர் காட்டினோம். தண்ணீர் தண்ணீர்தான். நல்ல தண்ணீர்.

ஆவணிக்குள் சுவர் சரியாகுமா என்று மட்டும் எழுது.

பொன்னுத்தாய்


கரந்தை,
22-7-1980

அக்காவுக்கு,

ஆவணிக்குள் ஆகாது.

விஷயம் இரண்டு. சிமெண்டுப் பூச்சு முதல் ஏழு நாள் தண்ணீர் குடிக்கும். பிறகு அந்தத் தண்ணீரை மெல்ல வெளியே விடும். அதற்கு ஒரு மாதம் ஆகும், சுவரைப் பொறுத்து இரண்டு மாதமும் ஆகும். நீ பன்னிரண்டாம் நாளே ஆயில் பெயிண்டால் வாயை மூடிவிட்டாய். உள்ளே இருக்கும் ஈரம் எந்த வழியாகப் போகும்? கொப்புளமாகத்தான் கிளம்பும். புதுப் பூச்சில் காரமும் இருக்கும். அந்தக் காரம் எண்ணெயைத் தின்று சோப்பாக்கிவிடும். நீ தொட்ட வழுக்கல் அதுதான். வெறும் சுண்ணாம்பு அடித்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. சுண்ணாம்பு மூச்சு விடும்.

இரண்டாவது உப்பு. நல்ல தண்ணீர் என்று எழுதியிருக்கிறாய். சித்திரை வைகாசியில் வாய்க்காலில் தண்ணீர் கிடையாது. குளம் வெடித்துக் கிடக்கும். தெருக் கோடி அடிபம்பு உப்பு என்பது ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீர் என்றால் பண்ணை வீட்டு போர் மோட்டார் ஒன்றுதான். அங்கே நீ போயிருக்க மாட்டாய். கூலிப் போராட்ட வருஷம் பண்ணைக் கிணற்றைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு நம் தெருவைப் பதினோரு நாள் தவிக்கவிட்டார்களே, அன்றைக்கு நீ வெறுங்குடத்தைக் கவிழ்த்து வைத்து, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. நானும்தான் பக்கத்தில் நின்றேன். வீட்டுச் சுவருக்கு அடிபம்புத் தண்ணீரைக் காட்டியிருக்கிறாய். ஏழு நாள் உப்பை ஊட்டியிருக்கிறாய்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். தொழில் தெரிந்தும் செய்திருப்பேன். அதனால்தான் ஊகிக்க முடிந்தது.

செய்ய வேண்டியது: பட்டைக் கத்தியால் பெயிண்ட் முழுவதையும் சுரண்டி எடு. ஒரு திட்டுக்கூட விடாதே. உப்புப் பூத்தால் காய்ந்த துடைப்பத்தால் தட்டிக் கூட்டி அப்புறப்படுத்து. தண்ணீர் ஊற்றிக் கழுவாதே. குடத்தால் ஊற்றினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போய்விடும். பூக்கப் பூக்கத் தட்டு. ஐப்பசி கார்த்திகை மழை மாதக்கணக்கில் அடிக்கட்டும். மழையைவிட நல்ல தண்ணீர் கிடையாது. வடியவும் செய்யும். மார்கழி வெயிலில் காயட்டும். தையில் பார்க்கலாம். அதுவரை சுவர் அம்மணமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்.

பிறந்த வீட்டுச் சீர் பற்றி எழுதியிருந்தாய். 1973இல் மனைப்பட்டாவுக்குப் பேர் எழுத அதிகாரி வந்த அன்று, கூட்டத்துக்குப் பின்னால் நான் நின்றேன். அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. 'தம்பின்னு ஒருத்தன் இருக்கான்ல?' என்று அதிகாரி கேட்டார். 'அவன் இங்க இல்லீங்க. அவனுக்கும் இந்த இடத்துக்கும் ஒண்ணும் இல்லீங்க' என்று நீ சொன்னாய். அதே பஸ்ஸில் ஏறித் திரும்பினேன். ஒன்றும் இல்லாத இடத்துக்கு யார் சீர் கொண்டுவருவது?

மருதையன்


கோரைமேடு,
14-8-1980

தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரமும் சுவரைச் சுரண்டினேன். பேசுவதற்கு அதுதான் ஆள்.

நீ மனையில் பாகம் கிடைக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போனாய் என்றுதான் ஏழு வருஷமாக நினைத்திருந்தேன். அப்படி நினைத்து உன்மேல் நானும் கோபமாக இருந்தேன். ஒரு சென்ட் மனைக்காக அக்காளை விட்டவன் என்று உன்னைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. நீ அங்கே நின்றாய் என்று யாரும் சொல்லவில்லை. நின்றவன் ஒரு கனைப்புக் கனைத்திருக்கக் கூடாதா?

நடந்ததைக் கேள். அன்றைக்கு அதிகாரிக்கு வலப்பக்கம் பண்ணைக் காரியக்காரர் நின்றார். 'இவங்க யாரும் இங்க நிரந்தரமா குடியிருக்கலீங்க, வர்றதும் போறதுமா இருக்கறவங்க. தம்பிக்காரன் தஞ்சாவூருல, இது காலி மனைதான்' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். குடியிருக்கிறவனுக்குத்தான் மனை என்று சட்டம். தம்பி பாதி நாள் இருக்கிறான், பாதி நாள் இல்லை என்று நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாய்க்குள் அவல் போட்ட மாதிரி ஆகியிருக்கும். உன் அத்தான் தங்கையன் காய்ச்சலில் படுத்திருந்தார். வாயில் வந்ததைச் சொன்னேன். 'இங்க இல்லீங்க' என்பதோடு நிறுத்தியிருக்கலாம். 'ஒண்ணும் இல்லீங்க' என்றும் சொன்னேன். அது பயத்தில் வந்த கூடுதல்.

பட்டாக் காகிதம் கையில் வந்தவுடன் உனக்குச் சொல்லியனுப்பலாம் என்றிருந்தேன். நீ வரவில்லை. நான் சொல்லியனுப்பவில்லை. அத்தான் செத்ததற்கு நீ வந்து, வாசலோடு நின்று, மாலையைப் போட்டுவிட்டுப் போனாய். அன்றைக்கு நான் அழுததில் பாதி உனக்கு.

இதற்குமேல் இதை எழுத மாட்டேன். எனக்கு எழுத்து பெரிசு பெரிசாக வருகிறது, இன்லாண்டில் இடம் போதவில்லை.

சுவர் சேதி. மூன்று இடம் தவிர மற்றதெல்லாம் சுரண்டிவிட்டேன். உப்பு விடாமல் பூக்கிறது. காலையில் தட்டினால் மூன்றாம் நாள் மறுபடி பூக்கிறது. ஆடி கடைசியில் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்தது. எல்லோரும் அதில் கழுவிவிடு என்றார்கள். நீ ஊற்றாதே என்று சொன்னதால் ஊற்றவில்லை.

குடிபோவதைத் தைக்குத் தள்ளிவிட்டோம். காரணம் கேட்டவர்களிடம் சுவர் காயவில்லை என்றேன். ரெங்கம்மாள் மட்டும், 'செவுரா அத்தே?' என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நாக்கு நீளம், கண்ணும் நீளம்.

பொன்னுத்தாய்


கரந்தை,
2-9-1980

அக்கா,

சுரண்டாமல் விட்ட மூன்று இடத்தையும் சுரண்டு.

அத்தான் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்திருந்தது எனக்குத் தெரியாது.

நான் கனைக்காததற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு உனக்காக ஒரு டப்பா நீலப் பெயிண்ட் வாங்கி வந்திருந்தேன். என் முதல் மேஸ்திரிக் கூலி. பட்டா கிடைக்கப் போகிறதே, குடிசைக் கதவுக்காவது அடித்துவிட்டுப் போகலாம் என்று. கையில் டப்பாவோடு முன்னால் வந்து 'நான் இருக்கேன்' என்று சொல்ல வெட்கமாகப் போய்விட்டது. அந்த டப்பா இன்னும் இங்கே இருக்கிறது. பாறையாக உறைந்துவிட்டது. என் வீட்டுக்காரி காளியம்மாள் அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் காலில் இடிக்கிறது.

இங்கே வேலை நிறைய. புது ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்று. பூச்சு முடிந்து பத்து நாளில் திறப்பு விழா வைத்திருக்கிறார்கள். பெயிண்ட் அடிக்கச் சொல்கிறார்கள். சுவர் காயவில்லை என்றேன். 'மந்திரி தேதி குடுத்துட்டாருய்யா' என்கிறார் காண்டிராக்டர். மந்திரி தேதி சுவருக்குத் தெரியுமா? கடைசியில் சுண்ணாம்பு மட்டும் அடிக்க ஒத்துக்கொள்ள வைத்தேன். கோரைமேட்டில் என் அக்காள் வீட்டுக்கு என்ன ஆனது தெரியுமா என்று உன் கதையைத்தான் சொன்னேன். பெயர் சொல்லவில்லை. என் அக்காள் என்று மட்டும் சொன்னேன்.

மகள் நாகம்மாள் மாசமாக இருக்கிறாள். மார்கழியில் பிரசவம்.

மழை பிடித்ததும் சுவர் எப்படி இருக்கிறது என்று எழுது.

மருதையன்


கோரைமேடு,
24-11-1980

தம்பி,

மழையென்றால் மழை. ஐப்பசி பாதியில் பிடித்தது, தீபாவளி முறுக்கு நமுத்துப் போகிற அளவுக்கு. கோரையாறு கரைக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. தெருவில் முழங்கால் தண்ணீர். சம்பா நாற்று தப்பித்துவிட்டது. வைரக்கண்ணு மூன்று நாள் கம்பத்திலேயே குடியிருந்தான், வீட்டுக்கு வரவில்லை. நம் புது வீட்டில் சொட்டுக்கூட ஒழுகவில்லை. தெருவில் பாதிப் பேர் நம் கூடத்தில்தான் படுத்தார்கள். ரெங்கம்மாள் ஐந்து நாள் இருந்தாள். அவள் இருந்த ஐந்து நாளும் உப்புக் கேட்டு வாங்கி என்னைச் சீண்டினாள். 'குடிபோறதுக்கு முன்னாலயே ஊரே குடிவந்துருச்சு அத்தே' என்றாள். அது மட்டும் எனக்குப் பிடித்திருந்தது.

வாசல் சுவர் மழை முழுவதையும் வாங்கிக்கொண்டது. சாயந்தரம் மழை விட்டால் சுவரில் கோடு கோடாக நீர் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். போன வாரம் மூன்று நாள் வெயில். உப்பு பூத்தது, ஆனால் முந்தி மாவு தூவின மாதிரி பூத்தது இப்போது விபூதி தொட்ட அளவுதான். தட்டிவிட்டேன். நாக்கில் வைக்கவில்லை.

கட்சிப் பையன்கள் மறுபடி வந்தார்கள். ஏதோ மாநாடாம். வெறும் சுவரைக் கண்டால் அவர்களுக்குக் கை ஊறும் போல.

'ஆத்தா, ஒரே ஒரு வரி எழுதிக்கிறோம். நீலந்தான்.'

'எழுதாதீங்கடா, சுவருக்கு உடம்பு சரியில்லை' என்றேன்.

'செவுருக்கு என்ன ஆத்தா நோவு?'

'ஈரம். தையில சரியாயிடும். தஞ்சாவூருல டாக்டர்கிட்ட காட்டியிருக்கேன், மருந்து எழுதிக் குடுத்திருக்காரு.'

'டாக்டரா? யாரு?'

'என் தம்பி' என்றேன்.

அதில் ஒருவன் உன்னைத் தெரியும் என்றான். 'மருதையன் மேஸ்திரி உங்க தம்பியா? அவருகிட்டதான் எங்க மச்சான் வேலை கத்துக்கிட்டான்' என்றான். பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மருதையன் மேஸ்திரி என்று அவன் சொன்னபோது எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு அவ்வளவுதான்.

இன்னொரு சேதி. நேற்று பண்ணை வீட்டு மருமகள் மங்களாம்பிகை அம்மாள் அந்த வழியாகப் போனவர், சுவரைப் பார்த்து நின்றார். 'பூச்சு வேலைக்கு நம்ம மோட்டாருல தண்ணி எடுத்திருக்கலாமே? நாந்தான் எல்லாரையும் எடுத்துக்கச் சொல்லியிருக்கேனே' என்றார். அவர் நல்ல மாதிரிதான். முள் போட்ட வருஷம் அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. 'எடுத்திருக்கலாங்க' என்றேன். வைரக்கண்ணு சம்சாரம் இப்போது அங்கேதான் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறாள். நான் அவளைத் தடுப்பதில்லை. நான் போவதும் இல்லை.

தை இரண்டாம் தேதி குடிபோகிறோம். வருகிறவர்கள் வரலாம்.

பொன்னுத்தாய்


கரந்தை,
30-12-1980

அக்கா,

நாகம்மாளுக்குப் போன வியாழக்கிழமை பெண் பிறந்தது. இருவரும் நலம். மூக்கு நம் அம்மா மூக்கு. காளியம்மாள் கும்பகோணத்தில் நாகம்மாளோடு இருக்கிறாள்.

வருகிறவர்கள் வரலாம் என்று எழுதினால் யார் வருவார்கள்? கல்யாணப் பத்திரிகையில்கூட இப்படிப் போட மாட்டார்கள். போகட்டும்.

யூரியாப் பையை மறுபடி வைத்துப் பார். இந்தத் தடவை இரண்டு நாள் வை. உள்பக்கம் வியர்க்காமல் இருந்தால் ஒரு கார்டு போடு. காய்ந்தது என்று ஒரு வார்த்தை போதும். நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு இங்கே பார்த்து வைத்திருக்கிறேன். நீயாக முத்துப்பேட்டையில் எதுவும் வாங்கிவிடாதே. பச்சை வேண்டும் என்று அடம் பிடிக்காதே. முதல் வருஷம் வெள்ளைதான்.

சுவர் காயவில்லை என்றால் நான் வந்து பயன் இல்லை.

மருதையன்


கோரைமேடு,
5-1-1981
(கார்டு)

காய்ந்தது. நீ வா.


கோரைமேடு,
19-2-1981

தம்பி மருதையனுக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிறது. சுவர் அப்படியே இருக்கிறது. வெள்ளை வெளேரென்று, கொஞ்சம் நீலம் தொட்ட வெள்ளை. கீழே நீ இழுத்த காவிப் பட்டையில் ஒரு நூல்கூட வளையவில்லை. தெருவே வந்து கையை வைத்துப் பார்க்கிறது. கை வைக்காதீர்கள் என்று கத்திக் கத்தி என் தொண்டை போகிறது. தியாகராசனும் வந்து பார்த்தான். நீ அவனுக்குப் பட்டை இழுக்கச் சொல்லிக் கொடுத்தாயாமே. நான் அவனுக்குக் காப்பி கொடுத்து, 'அன்னிக்கு நீ சொன்னதுதான் சரிப்பா' என்று சொல்லிவிட்டேன். எட்டு மாதம் கழித்துச் சொன்னாலும் சொன்னது சொன்னதுதான்.

நீ வந்து மூன்று நாள் சுண்ணாம்பு வாளியோடு சாரத்தில் நின்றுவிட்டு, குடிபோகிற அன்று காலையில் காணாமல் போனாயே. மறுபடி பஸ் ஏறிவிட்டான் என்று நினைத்தேன். பார்த்தால் சாவடியில் இருந்து திரும்பி வருகிறாய். வெள்ளை வேட்டி, கையில் சீர்த்தட்டு. ரெங்கம்மாள் முதலில் பார்த்துவிட்டு, 'அத்தே, உங்க பொறந்த வீடு வருது!' என்று கூவினாள். கேட்டதற்கு நீ என்ன சொன்னாய்? 'உள்ளேயே இருந்துக்கிட்டு சீரு எப்படிக் குடுக்கறது? அதான் வெளிய போயிட்டு வந்தேன்' என்றாய். அப்பா இருந்த மனைதான் எனக்குப் பிறந்த வீடு, அதுவேதான் புது வீடும். இப்படி ஒரு சிக்கல் வேறு எவளுக்கும் வந்திருக்காது. சீர்த்தட்டில் தேங்காய்க்கும் பழத்துக்கும் நடுவில் அந்த உறைந்த நீலப் பெயிண்ட் டப்பாவையும் வைத்திருந்தாய் பார், அதைத்தான் முதலில் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். அதை இப்போது நம் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன். என் காலிலும் இடிக்கட்டும்.

எழுத வந்தது வேறு. போன வாரம் ஜனத்தொகைக் கணக்கு எடுக்க ஒரு வாத்தியார் வந்தார். பெரிய காகிதத்தை விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்.

'இந்த வீட்டுல யார் யார் இருக்கீங்க, பேர் சொல்லுங்கம்மா.'

'மருதையன்' என்றேன்.

எழுத ஆரம்பித்துவிட்டார். பூங்கொடி இருக்கிறாளே, கப்பு வாங்கின கழுதை, 'சார், அவங்க தஞ்சாவூர்ல இருக்காங்க சார்' என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

'அப்படின்னா இங்க எழுத முடியாதும்மா. அவரை அங்க எழுதிக்குவாங்க. ஒரு ஆளை ரெண்டு இடத்துல எழுதக் கூடாது.'

'ஏங்க எழுதக் கூடாது? அவன் இங்கயும் இருக்கான். இந்தச் சுவரைப் பாருங்க, அவன் அடிச்சது. தொட்டுப் பாருங்க, ஈரம் இருக்கா? உப்பு இருக்கா?' என்றேன். தொடவும் வைத்தேன். வேறு யாரையும் தொட விடாத சுவர்.

'நல்லாத்தான் இருக்கு. ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கில்லம்மா' என்றார்.

'ஒரு தடவை சட்டத்துக்குப் பயந்து அவன் இங்க இல்லைன்னு சொல்லிட்டேங்க. அதுக்கு ஏழு வருஷம் ஆச்சு. இந்தத் தடவை நீங்க எழுதுனாலும் சரி, எழுதாட்டியும் சரி, நான் சொல்லிட்டேன்' என்றேன். பாவம், நல்ல மனிதர். உன் பேரை அடித்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். ஆனால் அடித்த கோட்டுக்குக் கீழே உன் பேர் நன்றாகத் தெரிந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

கூடத்து நடுச்சுவரில் இன்னும் ஒரு காலண்டர்கூட மாட்டவில்லை. தை முடியும்வரை ஆணி அடிக்காதே, பூச்சு விட்டுப்போகும் என்று நீ சொன்னாய். மாசி பிறந்துவிட்டது. இன்று காலை இளவழகனைக் கூப்பிட்டு, நடு மட்டம் பார்த்து ஒரே ஒரு ஆணி அடிக்கச் சொன்னேன். ஒரு துணுக்குக்கூடப் பெயரவில்லை. கீழே மட்டும் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி விழுந்தது. அதை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வெறும் சுண்ணாம்பு.

என்னிடம் இருக்கிற உன் படம் உன் கல்யாணத்துக்கு எடுத்தது. அதில் உனக்கு முடி இருக்கிறது. அதை மாட்டினால் யார் இது என்று கேட்பார்கள். ஆகவே நீ, காளியம்மாள், நாகம்மாள், நம் அம்மா மூக்கோடு பிறந்திருக்கிற அந்தச் சின்னக் குட்டி எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய், புதுப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. மடங்காமல் நடுவில் அட்டை வைத்து அனுப்பு. ஆணி காத்திருக்கிறது.

அக்காள்,
பொன்னுத்தாய்